சுண்ணாம்புக்கு அடியில் நூற்று முப்பத்தெட்டு

தட்டுச் சத்தம். எவர்சில்வர் தட்டு, கரண்டிக் காம்பு. மூன்று அடி. நிறுத்தம். மறுபடி மூன்று அடி. சந்தின் முனையிலிருந்து வருகிறது.

நான் குழாயடியில் நிற்கிறேன். குடம் பாதி நிறைந்திருக்கிறது. அப்படியே விடுகிறேன்.

"வண்டி வருது! ஏ பிள்ளைவளா, வண்டி வருது!"

இடிப்பு வண்டி. முன்னால் லாரி, பின்னால் நீல வேன். லாரியில் கடப்பாரைக்காரர்கள். வேனில் போலீஸ். செவ்வாய்க்கிழமை. பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள். காலை ஒன்பது நாற்பது. மாட்டுங்காவில் நான் பாத்திரம் தேய்க்கும் வீட்டில் ஒரு பழைய கைக்கடிகாரம் தந்திருந்தார்கள். வார் அறுந்தது. ஜாக்கெட்டுக்குள் வைத்திருப்பேன். அன்றைக்கு அதை எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன். அதனால் நேரமெல்லாம் மனதில் நிற்கிறது. மறக்க முயன்றும் போகவில்லை.

ஓடுகிறேன். சந்தில் முதல் வீடு என்னுடையது. தாராவியில் எங்கள் சந்தில் அப்போது முப்பத்தோரு வீடு. எல்லாம் தகரச் சுவர். எல்லாம் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. கல்யாண வீடு தோற்றது. அந்த வெள்ளைதான் இப்போது வினை.

முந்தானையை வாளித் தண்ணீரில் முக்குகிறேன். கதவுக்கு வலப்பக்கம் தேய்க்கிறேன். வரவில்லை. இன்னும் அழுத்துகிறேன். துணிதான் கிழிகிறது. நகத்தால் சுரண்டுகிறேன். நகக்கண்ணில் ரத்தம். சுண்ணாம்பு அசையவில்லை.

சந்து முழுக்கச் சுரண்டுகிற சத்தம். கரண்டி. அரிவாள்மனை. தேங்காய்த் துருவி. தகரத்தில் இரும்பு உரசினால் பல் கூசும். முப்பத்தோரு வீட்டிலும் ஒரே நேரத்தில் அந்தச் சத்தம். ஆண்கள் யாரும் இல்லை. பகல் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். இடிப்பு வண்டி எப்போதும் அந்த நேரம் பார்த்துத்தான் வரும்.

ஏன் சுரண்டினோம் என்று சொல்லிவிட வேண்டும்.

டிசம்பரில் சர்க்கார் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். கையில் ஃபைல், பெயிண்ட் டப்பா. ஒவ்வொரு தகரத்திலும் கதவுக்கு வலப்பக்கம் கறுப்புப் பெயிண்டில் ஒரு நம்பர் போட்டார்கள். எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. கடைசி வீட்டுக்கு நூற்று நாற்பத்திரண்டு. நம்பர் உள்ள வீட்டைத் தொட மாட்டோம் என்றார்கள். நம்பர் இல்லாவிட்டால் அது புதிதாகப் போட்ட வீடு, எடுத்துவிடுவோம் என்றார்கள். வீட்டுக்கான சீட்டு பிறகு வரும், அதுவரை நம்பர்தான் சீட்டு. அவர்கள் இந்தியில் சொன்னார்கள். அதைத் தமிழில் சந்துக்குச் சொன்னவள் நான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

என் பெயர் பேச்சியம்மாள். சந்தில் எல்லாருக்கும் பேச்சியக்கா. தலைவி என்றும் சொல்வார்கள். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆண்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள், டீ குடிப்பார்கள், கலைவார்கள். சண்டை எல்லாம் வார நாளில், பகலில் வரும். அப்போது சந்தில் இருந்தது பெண்கள்தான். குழாய் வேண்டுமென்று தண்ணீர் ஆபீஸ் வாசலில் பதினோரு நாள் போய் உட்கார்ந்தோம். நான் கத்தினேன். இந்தி வரும், தொண்டையும் உண்டு. குழாய் வந்தது. அன்றிலிருந்து நான் தலைவி.

ஆனால் பதினோரு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மைமூன். இரண்டாவது பெண்குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும். ஆபீசுக்கு உள்ளே போய்க் கத்தாதீர்கள், வாசலில் உட்காருவோம், அவர்கள் சாப்பிடப் போகும் வழியை அடைத்துக்கொண்டு உட்காருவோம் என்று சொன்னது அவள். தட்டில் மூன்று அடி என்பதும் அவள் கண்டுபிடிப்பு. அதற்கு முன் வண்டி வந்தால் ஆளுக்கு ஒரு கூச்சல் போடுவோம், யாருக்கும் எதுவும் புரியாது. யோசனை அவளுடையது, தொண்டை என்னுடையது. இதை நான் அந்தக் காலத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் கடையநல்லூர்ப் பக்கம். நான் சங்கரன்கோவில் பக்கம். ஊரில் இருந்திருந்தால் முகம் பார்த்திருக்க மாட்டோம். இங்கே ஒரே சந்து, ஒரே குழாய், ஒரே பேச்சு. அவள் புருஷன் தோல்பை செய்யும் பட்டறையில் வேலை. பைக்கு வார் தைத்துக் கொடுக்க அவள் வீட்டில் ஒரு தையல் மெஷின் வைத்திருந்தாள். அவள் வீட்டு நம்பர் நூற்று முப்பத்தெட்டு. பின்முனையிலிருந்து ஐந்தாவது வீடு.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது எங்களுக்கு வழக்கம். மண் சுவர் என்றால் சுண்ணாம்பு பிடிக்கும். தகரத்தில் பிடிக்காது. நான்கு நாளில் பொரிந்து உதிரும், சோற்றில் விழும். எல்லாச் சந்திலும் அப்படித்தான். அந்த வருஷம் எனக்கு ஒரு ஆசை வந்தது. நம் சந்துச் சுண்ணாம்பு அடுத்த பொங்கல் வரை உதிரக் கூடாது. குழாய் வந்த சந்து இல்லையா, கெத்தாக இருக்க வேண்டும். தச்சர்கள் பலகை ஒட்டும் வஜ்ரத்தைக் காய்ச்சிச் சுண்ணாம்பில் ஊற்றினால் தகரத்தில் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பட்டறையிலிருந்து வஜ்ரம் வாங்கித் தந்தது மைமூன்தான். பெரிய டின்னில் நான் காய்ச்சினேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. என் கைப்பக்குவம் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

வெள்ளையடிக்கும் அன்று காலை, குழாயடியில் எல்லாரும் மட்டையோடு நிற்கும்போது, மைமூன் கேட்டாள்.

"அக்கா, நம்பர் மேல அடிக்காண்டாம். அத மட்டும் விட்டுருவோம்."

அவள் கேட்டது சரி. ஆனால் எல்லார் முன்னிலையிலும் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சந்துக்கு நம்பரைப் பற்றிச் சொன்னவளே நான், எனக்கே பாடமா என்று.

"ஏளா, அது எண்ணெப் பெயிண்டு. ஈரத் துணி பட்டா சுண்ணாம்பு ஓடிப்போவும். எனக்குச் சொல்லித் தாரியா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். வஜ்ரம் கலந்த சுண்ணாம்பு ஈரத் துணிக்கு மசியாது என்பதை நான் யோசிக்கவில்லை. பசை காய்ச்சியவள் நான். யோசித்திருக்க வேண்டியவளும் நான்.

தன் வீட்டுக்கு வெள்ளை வேண்டாம், எங்களுக்கு என்ன பொங்கல் என்றாள் மைமூன். சந்து ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நானே மட்டையை எடுத்துக்கொண்டு போனேன். நூற்று முப்பத்தெட்டாம் வீட்டுக்கு என் கையால் இரண்டு பூச்சு. மற்ற வீட்டுக்கு ஒன்றுதான். அவள் மேல் உள்ள பிரியத்தில் செய்தேன். இப்போதும் அது பிரியம்தான் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

ஒன்பது ஐம்பது. லாரி நின்றுவிட்டது. பின்பலகையைத் தட்டிவிடும் சத்தம். கடப்பாரைகள் கல்லில் விழும் சத்தம். ஃபைல் வைத்திருந்த ஆபீசர் இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். என் வீட்டுக்கும் அவருக்கும் இருபது எட்டு நடைதான். என் சுவரில் வெள்ளை மட்டும்தான் இருக்கிறது.

அப்போது மைமூன் வருகிறாள். சந்தின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை. இடுப்பில் பானை, சுற்றிலும் பழந்துணி. அரிசி போட வைத்திருந்த உலை. கொதி அடங்காமல் தளும்புகிறது. அவள் முழங்கை சிவந்திருக்கிறது.

"தள்ளுங்கக்கா."

சுவரில் ஊற்றுகிறாள். ஆவி முகத்தில் அடிக்கிறது. வஜ்ர நாற்றம் மறுபடி கிளம்புகிறது. சுண்ணாம்பு இளகுகிறது. பாலாக வழிகிறது. நான் துணியால் ஒரு இழுப்பு இழுக்கிறேன். கறுப்பு தெரிகிறது. ஒன்று. ஒன்று. இரண்டு.

பட்டறையில் வஜ்ரத்தை வெந்நீரில்தான் இளக்குவார்கள். அவளுக்குத் தெரியும். சந்தில் வேறு யாருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

அவள் திரும்பிச் சந்தைப் பார்த்துக் கத்துகிறாள். அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வெந்நி! வெந்நி ஊத்துங்க! சொரண்டாதிய!"

ஸ்டவ்கள் பற்றுகின்றன. பம்ப் அடிக்கும் சத்தம், அப்புறம் உஸ்ஸென்ற இரைச்சல். வீட்டுக்கு வீடு. அவள் என் கையைப் பிடிக்கிறாள். கை சுடுகிறது.

"அக்கா, உங்க அடுப்புல எனக்கு ஒரு பானை வைங்க. என் வீட்டுல மண்ணெண்ணெ தீந்து போச்சு. நான் இவுகளப் பாத்துட்டு வாரேன்."

சரி என்றேன். தலையையும் ஆட்டினேன். அவள் வெறும் பானையை என் வாசலில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். நூற்றுப் பதின்மூன்றில் ஒரு பிள்ளைத்தாச்சி தனியாக இருந்தாள். அவளுடைய வெந்நீரைத் தூக்கி ஊற்றியது மைமூன். நூற்றுப் பதினாறில் ஸ்டவ் பற்றவில்லை. ஊசி வைத்துக் குத்திப் பற்றவைத்தது அவள். ஒவ்வொரு வீடாக அவள் போவது தெரிகிறது. ஆபீசர் என்னிடம் வந்துவிட்டார்.

ஒன்பது ஐம்பத்தைந்து. நூற்றுப் பன்னிரண்டைப் பார்க்கிறார். ஃபைலைப் பார்க்கிறார். டிக் போடுகிறார். என் வீடு பிழைத்தது.

இனி உள்ளே போய்ப் பானையை வைக்க வேண்டியதுதான். ஸ்டவ் வாசலிலிருந்து ஐந்து எட்டு. உள்ளே இன்னொரு குடத்தில் தண்ணீர் இருக்கிறது. தீப்பெட்டி ஜன்னலில் இருக்கிறது.

நான் போகவில்லை. ஆபீசரைப் பேச்சில் பிடித்து நிறுத்தினேன். நம்பர் இருக்கிறது சாப், பொறுங்கள் சாப், பண்டிகைக்கு வெள்ளையடித்தோம், இதோ கழுவுகிறோம். இந்தியில் வெளுத்து வாங்கினேன். நிறுத்தி வைப்பதுதான் தலைவி வேலை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அதில் பாதி உண்மை. மறுபாதி இது. டிக் விழுந்த பிறகும் என் முதுகு அந்தத் தகரத்தை விடவில்லை. என் நம்பர் மேல் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். நான் நகர்ந்தால் யாராவது அதை அழித்துவிடுவார்கள் என்ற மாதிரி ஒரு பயம். பானை ஒரு தரம் நினைவுக்கு வந்தது. இதோ என்று நினைத்தேன். அப்படியே நின்றேன். பன்னிரண்டு நிமிஷம்.

பத்து ஏழு. பின்முனையில் ஒரு சத்தம்.

கடப்பாரை தகரத்தில் விழுந்தால் முதலில் ஒரு டொங். அப்புறம் ஆணி பிடுங்கும் கீச்சு. அப்புறம் தகரம் மடங்கி விழும்போது நீளமாக ஒரு சத்தம். அதற்கு என்ன பெயர் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் முன்முனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு பேர் சாக்கடைப் பக்கமாகச் சுற்றிப் பின்னால் வந்திருந்தார்கள். இதற்கு முன் அப்படி வந்ததில்லை.

நூற்று நாற்பத்திரண்டு. டொங். நூற்று நாற்பத்தொன்று.

மைமூன் ஓடி வருகிறாள். தன் வீட்டுக்கு ஓடவில்லை. என் வீட்டுக்கு வருகிறாள், பானைக்காக. குனிந்து உள்ளே நுழைகிறாள். ஸ்டவ்வைப் பார்க்கிறாள். அது பற்றவில்லை. அவளுடைய பானை வாசலில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. காலியாக.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் இன்னும் சுவரில் சாய்ந்துதான் நிற்கிறேன்.

காலிப் பானையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அப்போதுதான் என் கால் அசைந்தது. அவள் பின்னாலேயே ஓடினேன். சந்து முழுக்க ஆவி. வழி முழுக்க வெள்ளைத் தண்ணீர். வழுக்கி விழுந்தேன், எழுந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பதினான்கு. நூற்று முப்பத்தெட்டின் முன்சுவர் சாய்ந்துகொண்டிருக்கிறது. அவள் பிள்ளைகள் இரண்டும் எதிர்வீட்டு வாசலில் நிற்கின்றன. பெரியது சின்னதின் காதைப் பொத்தியிருக்கிறது. மைமூன் தையல் மெஷினை இழுக்கிறாள். மேல்பாகம் மட்டும் கையோடு வந்தது. மிதிகட்டை உள்ள கால்பாகத்தின் மேல் உத்தரம் விழுந்தது.

நூற்று முப்பத்தேழும் போனது. நூற்று முப்பத்தாறில் வெந்நீர் ஊற்றியாகிவிட்டது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அங்கே நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டுக்கு வெந்நீர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்ததும் மைமூன்தான்.

பத்து இருபத்தைந்து. தகரங்களை லாரியில் ஏற்றுகிறார்கள். இரண்டு பேர் பிடித்து, மடக்கி, மேலே எறிகிறார்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் இரண்டு பூச்சு அடித்த தகரம் வருகிறது. காலை வைத்து மிதித்து மடக்குகிறான். வஜ்ரம் கலந்த சுண்ணாம்பு விறைப்பு. மடக்கினால் தாங்காது. சோளப்பொரி மாதிரி பொரிந்து உதிர்ந்தது. அடியில் கறுப்பு. ஒன்று. மூன்று. எட்டு. ஒரு எழுத்துகூட அழியவில்லை.

லாரியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நம்பர் இருக்கிறது, பாருங்கள் சாப், நம்பர் இருக்கிறது. ஆபீசர் வந்தார். தகரத்தைப் பார்த்தார். ஃபைலில் தேடினார். நூற்று முப்பத்தெட்டு அதில் இருந்தது. பேனாவை எடுத்தார். அப்புறம் தகரம் வந்த இடத்தைப் பார்த்தார்.

"நம்பர் தோ ஹை. கர் கிதர் ஹை?"

நம்பர் இருக்கிறது, வீடு எங்கே என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். டிக் போட அவருக்கு வீடு வேண்டும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அன்றைக்கே அவர்கள் பக்கத்துச் சந்துக்கும் போனார்கள். அங்கே ஒரு வீடுகூட இடிபடவில்லை. பசை போடாத சுண்ணாம்பு. நான்கு நாளில் உதிர்ந்து நம்பரெல்லாம் தானாகத் தெரிந்தது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மைமூன் புருஷன் கைவண்டி கொண்டுவந்தார். விக்ரோலியில் அவருடைய அண்ணன் இருந்தார். என் வீட்டில் இரு, பாதியில் சேலை கட்டி மறைத்துக்கொள்வோம் என்றேன். இருக்கட்டும்க்கா என்றாள். மெஷின் தலையை ஒரு போர்வையில் சுற்றி வண்டியில் வைத்தாள். சின்னதை அதன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுதுவிட்டு இருவரும் சேர்ந்துகொள்ளலாம். அவள் என் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அடுத்த பொங்கலுக்கு நம்பர விட்டுட்டு அடிங்க. ஒரு தட்ட அது மேல வச்சுப் பிடிச்சிட்டு, சுத்தி அடிச்சாப் போதும்."

அவ்வளவுதான். கைவண்டியின் சக்கரத்தில் ஒன்று கிறீச்சிட்டது. முனை திரும்பும் வரை கேட்டது.

அடுத்த பொங்கலுக்கு நான் தட்டோடு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு நம்பர் மேலும் தட்டை வைத்துப் பிடித்தேன். சுற்றி அடித்தார்கள். வெள்ளைச் சுவரில் வட்டமாகத் தகரம், நடுவில் நம்பர். எல்லாரும் என் யோசனை என்றார்கள். இன்றைக்கும் சில சந்துகளில் அதற்குப் பேச்சியக்கா வட்டம் என்று பெயர்.

வெந்நீரும் என்னுடையதாகிவிட்டது. அது எப்படி நடந்தது என்று எனக்கே தெரியாது. முதல் சுவர் என்னுடையது. முதலில் தெரிந்த நம்பர் என்னுடையது. பார்த்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் கதை அப்படி நிலைத்துவிட்டது. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். படித்த அம்மாக்கள், பட்டுச் சேலைகள். ஒரு பானை வெந்நீரால் சந்தைக் காப்பாற்றிய பெண் என்று ஒருவர் பேசினார். கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். மைமூன் பெயர் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். சால்வை உறுத்தியது.

சீட்டு வந்தது. இருபத்தைந்து வீட்டுக்கும் நான்தான் பெயர் வாசித்துக் கொடுத்தேன். ரேஷன், பள்ளிக்கூடம், போலீஸ், எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். வாசலில் எப்போதும் நாலு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் குழம்பினால் திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. குழாயடியில் அவள் குடம் வைக்கும் இடத்தில் வேறு குடம் இருக்கும். கூட்டத்தில் நின்று கத்துவேன். கத்தி முடிந்ததும் அத்தனை பேருக்கு நடுவில் தனியாக இருப்பேன். பானையைப் பற்றித் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி விக்ரோலியில் இருந்தாள். மற்றவள் சால்வை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்துத்தான் போனேன். வெட்கம். தாதரில் ரயில் மாறி விக்ரோலி. அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் அவர். கடையநல்லூரா என்றேன். இல்லை, மேலப்பாளையத்தில் வேலை கிடைத்ததாகக் கேள்வி என்றார் அவர் மனைவி. டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். கடிதம் எழுத விலாசம் கிடைக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுதத் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு இப்போது தமிழ் எழுத்துக் கூட்ட வராது. இந்தியில் பேசுகிறார்கள். யாராவது இதை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கதையில் ஒரு பெயர் தவறு. வெந்நீர் மைமூனுடையது. தட்டு மைமூனுடையது. மூன்று அடியும் அவளுடையது. குழாயில் பாதியும்.

கணக்கு இது.

இடிந்த வீடு ஆறு. நூற்று முப்பத்தேழு முதல் நூற்று நாற்பத்திரண்டு வரை. தகரத்தோடு லாரியில் போன ரேஷன் கார்டு நான்கு. உடைந்த குடங்களை யாரும் எண்ணவில்லை. தையல் மெஷினின் கால்பாகம் ஒன்று. மூன்று குடும்பம் மழைக்கு முன் அதே இடத்தில் மறுபடி தகரம் போட்டுக்கொண்டது. மூன்று குடும்பம் திரும்பி வரவில்லை. அதில் பெரியவர்கள் ஏழு, பிள்ளைகள் ஒன்பது. அந்த ஏழு பேரில் சந்தின் தலைவி ஒருத்தி.

என் அடுப்பில் நான் வைக்காத வெந்நீர், ஒரு பானை.